முழு அமைப்புப் பிம்பமா, கோப்பு நகலா?

வீட்டுக் கணினியின் வட்டு ஒருநாள் அடியோடு செயலிழந்தால் எதை இழப்பது தமக்குக் கடினம் என்பதை, காப்புக்காக வட்டு முழுவதையும் அப்படியே படியெடுக்கும் பிம்பமா, வேண்டிய கோப்புகளை மட்டும் படியெடுக்கும் கோப்பு நகலா என்று தயங்குவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இடம்: பிம்பம் விண்டோஸ், மென்பொருள்கள், அமைப்புகள் அனைத்தையும் உள்ளடக்குவதால், சுருக்கிய பிறகும் பெரிய வெளிவட்டு ஒன்றைக் கேட்கும். படங்களும் ஆவணங்களும் குறைவாக இருந்தால், கோப்பு நகலுக்கு ஒரு பென் டிரைவே போதும்.

மீட்பு: புதிய வட்டில் பிம்பத்தை இறக்கினால் கணினி பழைய நிலையிலேயே எழும், ஆனால் க்ளோன்சில்லா போன்ற இலவசக் கருவியில், புதிய வட்டு பழையதைவிடச் சிறியதாக இருந்தால் மீட்பு வழக்கமாக நடவாது என்பதோடு, கணினியைத் தொடக்கும் பென் டிரைவையும் முன்கூட்டியே தயாரித்துச் சோதித்திருக்க வேண்டும் (பலரும் மறப்பது இதைத்தான்). கோப்பு நகலை வைத்திருப்பவர் எல்லா மென்பொருள்களையும் மீண்டும் நிறுவ வேண்டியிருக்கும். ஆயினும் தவறி அழித்த ஒரு கடிதத்தை உடனே எடுத்துவிடலாம்.

விண்டோஸுடன் வரும் பழைய பிம்பக் கருவியை மைக்ரோசாஃப்ட் 2017-இலேயே கைவிடப்படும் அம்சங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டதால், அதை நம்பிப் புதிதாகத் தொடங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மீண்டும் நிறுவக் கடினமான உரிம மென்பொருள்களை வைத்திருப்போர் மாதம் ஒருமுறை பிம்பம் எடுப்பது நல்லது. படங்களும் ஆவணங்களும் மட்டுமே உள்ளோருக்கு நாள்தோறும் தானாக நடக்கும் கோப்பு நகலே பொருந்தும்.