சீட்டில் இரும்பு மாத்திரை, கையில் மூலிகை டப்பா: வாங்கும்முன் பின்பக்கத்தைப் படியுங்கள்

மருத்துவர் எழுதித் தருவது இரும்புச்சத்து மாத்திரை. கடையில் எடுத்து வைப்பது முருங்கை கேப்சூல். "இதுவும் அயர்ன்தாம்மா, இயற்கை, வயித்தைப் புரட்டாது" என்பார்கள். மாட்டுவது கர்ப்பிணி என்றால் இழப்பு பணத்தோடு நிற்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ந்த முருங்கை இலைப்பொடி 100 கிராமில் இரும்பு சுமார் 28 மி.கி. அந்தப் பொடி 500 மி.கி. அடைத்த கேப்சூலில் 0.14 மி.கி. அதிலும் உடலில் சேர்வது சொற்பம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. அந்த ஒரு மாத்திரைக்கு ஈடுகட்ட நானூறு கேப்சூலுக்கு மேல் விழுங்க வேண்டும்!

முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் "500 மி.கி." இலையின் எடை. பின்பக்கத்தில் இரும்பு எத்தனை மி.கி. என்று தனி வரி இல்லையா, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். தாது மாத்திரையிலும் எண் மயக்கும்: ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்றால் இரும்பு சுமார் 65. கால்சியம் கார்பனேட் 1250 என்றால் கால்சியம் 500தான். ஆனால் அங்கே "எலிமென்டல்" என்ற வரியில் உண்மை அளவு இருக்கும்.

"உலோகமே சேராத சித்த முறை" என்று விற்பதுதான் வேடிக்கை. சித்தத்தில் சோகைக்குக் கொடுப்பதே அயச் செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும். இரண்டுமே இரும்பு. அவற்றையும் பதிவு பெற்ற சித்த மருத்துவர் அளவு சொல்லாமல் தொடக்கூடாது.

மாத்திரை குமட்டினால் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். அப்படியும் தாங்கவில்லை என்றால் வேறு வகை இரும்பு மாத்திரை எழுதித் தரும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். டீ, காபிக்கு ஒரு மணி நேரமும் கால்சியம் மாத்திரைக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பது இயல்பு. ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் ரத்தக்கசிவா, தலசீமியாவா (பரம்பரை ரத்தக் கோளாறு) என்று பார்க்க வேண்டும், டப்பாவை மாற்றிப் பயனில்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சீட்டு, பில், டப்பா மூன்றையும் படம் எடுத்து, நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுங்கள். டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால் அது மருந்தே இல்லை, உணவுப் பொருள். எழுதிய மருந்துக்குப் பதிலாக உணவுப் பொருளைத் தந்தார்கள் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.