பெரிய எழுத்து ஒத்துவாக்கிய வேதாகமம்: 250 அதிகாரங்கள் படித்தபின் எழுதுகிறேன்

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு, என் திருமணத்தின்போது அப்பா தந்த வேதாகமத்தில் ஒரு பக்கம்கூடச் சேர்ந்தாற்போல் படிக்க முடியவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 900 ரூபாய் கொடுத்துப் பெரிய எழுத்தில், தொடர்புடைய வசனங்களையும் குறித்துக் காட்டும் ஒத்துவாக்கிய வேதாகமம் ஒன்றை வாங்கினேன். ஏசாயா முதல் மல்கியா வரை தீர்க்கதரிசிகளின் 17 புத்தகங்களையும் வரிசையாகப் படித்துவிட வேண்டும் என்ற நெடுநாள் ஆசையும் அதோடு சேர்ந்துகொண்டது. அதுவரை அவற்றைத் துண்டு துண்டாகவே அறிந்திருந்தேன். கிறிஸ்மஸ் வந்தால் ஏசாயா 9, பெரிய வெள்ளிக்கு ஏசாயா 53, தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகக் கொடுப்பது பற்றிய பிரசங்கத்துக்கு மல்கியா 3. நாளுக்கு ஓர் அதிகாரம் என்று வைத்துக்கொண்டேன். எட்டரை மாதம் ஆயிற்று.

முதலில் கைக்கு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். சமையலறைத் தராசில் 1 கிலோ 700 கிராம் காட்டியது. மடியில் வைத்துப் படிப்பது நடக்காத காரியம். சாய்வுப் பலகை ஒன்று வேண்டும். தாள் மெல்லியது, மறுபக்க எழுத்து லேசாகத் தெரியும், ஆனால் மஞ்சள் விளக்கில் உறுத்தவில்லை. தையல் பைண்டிங் என்பதால் எசேக்கியேல் வரும் நடுப்பகுதியில் கை எடுத்தாலும் விரித்தபடியே கிடக்கிறது. காலை ஐந்து மணிக்கு ஒரு கையில் காப்பி டம்ளரோடு உட்காருகிறவர்களுக்கு இது பெரிய உதவி.

இனி ஒத்துவாக்கியங்கள். பக்கத்தின் இரண்டு பத்திகளுக்கும் நடுவே, இந்த வசனத்தோடு தொடர்புடைய மற்ற வசனங்கள் எவை என்று குறித்திருக்கும் பகுதி அது. இளம் வயதில் நான் அதைப் பார்த்ததே இல்லை. தீர்க்கதரிசிகளைப் படிக்கிறவருக்கு அது இல்லாமல் முடியாது என்பதை எரேமியா 29 இல் கண்டுகொண்டேன்.

அந்த அதிகாரத்தின் 11ஆம் வசனம் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." வருடப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் எத்தனையோ முறை எனக்கு வந்த வசனம். அது ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது என்பதை இந்த முறைதான் நின்று பார்த்தேன். எருசலேமிலிருந்து எரேமியா, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எழுதிய கடிதம். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள், சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்று சொல்கிறார். எழுபது வருஷம் நிறைவேறின பின்பே ஊர் திரும்புவார்கள் என்று 10ஆம் வசனத்தில் வருகிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் திரும்பி ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டத்துக்குள் இருந்த வசனம் அன்று காலை எனக்கு வேறு கனத்தோடு இருந்தது.

எழுபது என்ற சொல்லின் அருகே சிறு எழுத்து ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டு நடுப்பத்திக்குப் போனால் எரேமியா 25:12, 2 நாளாகமம் 36:21, எஸ்றா 1:1, தானியேல் 9:2. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். தானியேல் 9 இல் கை நின்றுவிட்டது. பாபிலோனில் முதிர்வயதான தானியேல், எரேமியாவுக்கு உண்டான வார்த்தையை வாசித்து, எழுபது வருஷத்தைப் "புஸ்தகங்களால்" அறிந்துகொள்கிறார். அறிந்தவர் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. உபவாசம் இருந்து, இரட்டு என்னும் முரட்டுத் துணியிலும் சாம்பலிலும் உட்கார்ந்து, தன் ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுகிறார். தீர்க்கதரிசனத்தை எப்படித் தியானிப்பது என்று வேதத்துக்குள்ளேயே ஒரு மனிதர் செய்து காட்டியிருக்கிறார். உலக முடிவுக்குத் தேதி குறிக்கும் பிரசங்கங்களைக் கேட்டுப் பயந்து வளர்ந்த எனக்கு அன்று முழுவதும் வேறு நினைவே இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. யூதாவின் ராஜாக்களில் யோயாக்கீம் தகப்பன், யோயாக்கீன் மகன். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த மகனையே எரேமியா ஓரிடத்தில் எகொனியா என்றும் இன்னோரிடத்தில் கோனியா என்றும் சொல்கிறார். யோயாக்கீன், எகொனியா, கோனியா மூன்றும் ஒருவர் பெயரே என்று ஒத்துவாக்கியம் என்னை 2 இராஜாக்கள் 24 க்கு அனுப்பித்தான் தெளிந்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். வசனங்கள் பெரிய எழுத்தில் இருக்க, ஒத்துவாக்கியங்களை மட்டும் கடுகுபோல் அச்சிட்டிருக்கிறார்கள். யாருக்காக இந்தப் பதிப்பு என்பதை அங்கே மறந்துவிட்டார்கள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறேன். எஸ்றாவுக்கும் எஸ்தருக்கும் சுருக்கக் குறி ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதால் முதல் மாதம் தவறான பக்கத்துக்குப் போய்த் திரும்பினேன். உறையின் ஜிப் மூன்றாம் மாதமே பிய்ந்தது. தையல்காரரிடம் கொடுத்து மாற்றினேன்.

பழைய சொற்களுக்கு விளக்கம் இல்லாததும் ஒரு குறைதான். இது 1871 இல் வெளியான பவர் ஐயரின் மொழிபெயர்ப்பு. அதன் தமிழில்தான் என் ஜெபமே இருக்கிறது, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் யோவேல் 1:4 இல் "வெட்டுக்கிளி விட்டதைப் பச்சைக்கிளி தின்றது" என்று வருகிறதே, ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் அதைப் பறவை என்றே நினைக்கிறார்கள். எபிரெயத்தில் பயிரை அழிக்கும் பூச்சிகளுக்கான நான்கு சொற்கள் அந்த வசனத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அடியில் ஒரு வரி குறிப்பு போட்டிருக்கலாம்.

பின்பக்கத்தில் ஒரு வருட வாசிப்பு அட்டவணை இருக்கிறது. மொத்தம் 1189 அதிகாரங்களை 365 நாளில் முடிக்க நாளுக்கு மூன்று, நான்கு அதிகாரம். தீர்க்கதரிசிகளுக்கு அந்த வேகம் வேண்டாம் என்பது என் அனுபவம். ஆகாயைப் படிக்கும் நாளில் எஸ்றா 5 ஐயும், எரேமியாவின் கடைசி அதிகாரத்தோடு 2 இராஜாக்கள் 25 ஐயும் சேர்த்துப் படியுங்கள். அட்டவணையில் அது இல்லை. அதே பக்கங்களில் உள்ள ராஜாக்கள் வரிசைப் பட்டியலை மட்டும் நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உசியா, யோதாம், ஆகாஸ், எசேக்கியா என்று ஏசாயாவின் முதல் வரியிலேயே அது தேவைப்படும்.

பயணத்துக்கும் ஆலயத்துக்குக் கொண்டுபோகவும் இது ஆகாது. கண் மங்கியவர்களுக்கும், வீட்டில் ஒரே இடத்தில் உட்கார்ந்து பக்கம் திருப்பிப் படிக்கப் பொறுமை உள்ளவர்களுக்கும் தயங்காமல் சொல்வேன். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் இருக்கும் என் அக்காளுக்கும் ஒன்று வாங்கி அனுப்பியிருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு போனில் அன்றைய அதிகாரத்தைப் பேசிக்கொள்கிறோம். நேற்று ஆபகூக் 2. "அது தாமதித்தாலும் அதற்குக் காத்திரு" என்ற இடத்தை அக்காள் இரண்டு முறை வாசித்தாள். அவள் மகன் வேலை போய் வீட்டில் இருக்கிறான். நான் ஒன்றும் பேசவில்லை. பூதக்கண்ணாடியை வைத்து, அதன் ஒத்துவாக்கியமான எபிரெயர் 10:37 ஐ எடுத்து அவளுக்கு வாசித்தேன்.