ஸ்பகெட்டிக் கோபுரமா, லெகோ கட்டைகளா? பட்டறை மேசைக்கு நான் எடுத்த முடிவு

குழுக்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துபவன் நான். மூன்று வருடமாக என் பட்டறைப் பையில் கிடந்த ஸ்பகெட்டி பாக்கெட்டுகளைப் போன மாதம் சமையலறைக்கே கொடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது ஐந்து ஜிப் பைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் முப்பது லெகோ கட்டைகள். நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஏன் மாற்ற வேண்டும் என்று இதே வேலையில் இருக்கும் இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நான் பேசுவது ஒரு வகை விளையாட்டைப் பற்றி மட்டும். சேர்ந்து வேலை பார்ப்பவர்களை நான்கு நான்கு பேராக மேசையைச் சுற்றி உட்கார வைத்து, கையால் ஏதாவது செய்ய விட்டு, பிறகு "இப்போது என்ன நடந்தது?" என்று பேச வைப்பது. கூச்சம் போகும், சிரிப்பு வரும், அரை மணி நேரம் யாரும் மொபைலைத் தொட மாட்டார்கள். இதெல்லாம் எந்த விளையாட்டை எடுத்தாலும் நடப்பதுதான், அதனால் தேர்வுக்கு உதவாது.

நான் கையில் எடுத்துப் பார்த்தவை நான்கு: ஸ்பகெட்டிக் கோபுரம், காசு புரட்டுதல், பீர் விளையாட்டு, கட்டைகளை வைத்து மறைந்திருக்கும் மாதிரியைக் கட்டுதல். நான்காவது பக்கம் நான் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஸ்பகெட்டிக் கோபுரத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வேகவைக்காத ஸ்பகெட்டி 20 குச்சி, ஒரு கெஜம் டேப், ஒரு கெஜம் நூல், மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாய் ஒன்று. 18 நிமிடத்தில் தானாக நிற்கும் கோபுரம் ஒன்றைக் கட்டி, உச்சியில் மார்ஷ்மெல்லோவை வைக்க வேண்டும். உயரமானது ஜெயிக்கும். இதை யோசித்தவர் பீட்டர் ஸ்கில்மன் என்ற வடிவமைப்பாளர். 2010இல் டாம் வூஜெக் என்பவர் டெட் (TED) உரை மேடையில் இதைப் பற்றிப் பேசியபின் உலகம் முழுக்கப் பரவியது. மேலாண்மை படித்தவர்களைவிடப் பாலர் பள்ளிக் குழந்தைகள் நன்றாகக் கட்டுகிறார்கள் என்று அவர் சொன்னதுதான் எல்லோருக்கும் நினைவிருக்கும். காரணம் எளிது. குழந்தைகள் முதல் நிமிடத்திலிருந்தே மார்ஷ்மெல்லோவைக் குத்திப் பார்த்துக்கொண்டே கட்டுகிறார்கள். பெரியவர்கள் திட்டம் போட்டு, யார் தலைவர் என்று மறைமுகமாக முட்டிக்கொண்டு, பதினேழாவது நிமிடத்தில் மார்ஷ்மெல்லோவை மேலே வைக்கிறார்கள். வைத்ததும் கோபுரம் முதலில் மெதுவாகத் தலை குனியும், பிறகு ஒரேயடியாகச் சாயும். அந்த நொடியில் நான்கு பேர் முகத்திலும் தெரியும் ஒரே மாதிரியான பாவனைக்காகவே நான் இதை மூன்று வருடம் நடத்தினேன் என்று சொன்னால் பொய்யில்லை.

அப்படி இருந்தும் ஏன் விட்டேன் என்றால், இரண்டாவது சுற்றுக்காகத்தான். நான் மாறியதற்கு முக்கால்வாசிக் காரணம் அது ஒன்றுதான்.

எந்த விளையாட்டானாலும் முதல் சுற்றில் விதி புரிவதற்கே பாதி நேரம் போய்விடும். மீதி நேரம் யார் குரல் பெரிதோ அவர் சொன்னபடி நடக்கும். முடிந்ததும் உட்கார்ந்து பேசுவார்கள். "நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை", "நான் அப்போதே சொன்னேன்", "அடுத்த முறை முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம்" என்றெல்லாம் அருமையான பேச்சு நடக்கும். அந்த அடுத்த முறை அங்கேயே, அந்தச் சூடு ஆறுவதற்குள் வர வேண்டும். வந்தால், பேசியதில் எது கைக்கு இறங்கியது, எது வாயோடு நின்றது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். வராவிட்டால், நல்ல பேச்சு பேசினோம் என்ற திருப்தியோடு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

ஸ்பகெட்டியில் இரண்டாவது சுற்று நடத்தவே முடியாது என்பதில்லை. ஐந்து மேசைக்கு நான் நடத்திப் பார்த்திருக்கிறேன். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி (காலடியில் நறநறவென்று நொறுங்கும் சத்தம் மாலை வரை கேட்கும்), மேசையில் ஒட்டிய டேப்பைச் சுரண்டி, மறுபடி 20 குச்சி எண்ணி, டேப்பும் நூலும் அளந்து வெட்டிக் கொடுப்பதற்குள் கால் மணி நேரம் காலி. அதையாவது முன்கூட்டியே தயார் செய்து வைக்கலாம். பெரிய சிக்கல் வேறு. இந்த விளையாட்டின் உயிர் ஒரு ரகசியத்தில் இருக்கிறது: மார்ஷ்மெல்லோ பார்ப்பதற்குப் பஞ்சு, குச்சி நுனியில் வைத்தால் பாரம். அது தெரிந்துவிட்டால் இரண்டாவது கோபுரம் எப்படியும் உயரும். வூஜெக்கும் பெரிய பரிசு அறிவித்து ஒரு மாணவர் கூட்டத்துக்கு நடத்தியபோது ஒரு கோபுரம்கூட நிற்கவில்லை, அதே மாணவர்கள் மறுபடி செய்தபோது கடைசியாக இருந்த குழுவே முன்னுக்கு வந்தது என்கிறார். சீக்கிரமே செய்து பார்க்க வேண்டும் என்ற பாடம் அவர்களுக்குப் புரிந்துவிட்டது. நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு முறை கற்றால் தீர்ந்துவிடும் பாடம். குழு ஒன்றாகப் பழகியதால் உயர்ந்ததா, ரகசியம் தெரிந்ததால் உயர்ந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை. போதாததற்கு, இப்போதெல்லாம் எந்தக் குழுவிலும் இதை ஏற்கெனவே விளையாடிய ஒருவர் இருக்கிறார். அவர் சும்மா இருந்தால் மேசைக்குப் பாரம், வாயைத் திறந்தால் விளையாட்டு முடிந்தது.

இரண்டாவது சுற்றுதான் முக்கியம் என்றால் காசு விளையாட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான்கு பேர் வரிசையாக உட்கார வேண்டும், 20 காசு, ஒவ்வொருவரும் ஒவ்வொரு காசையும் ஒரே கையால் புரட்டி அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். முதலில் இருபதையும் புரட்டியபின் மொத்தமாகத் தள்ளுவது, அடுத்து ஐந்தைந்தாக, அப்புறம் ஒவ்வொன்றாக. ஒரு காசுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் மொத்தமாகத் தள்ளும்போது 80 நொடி ஆகும். ஐந்தைந்தாக என்றால் 35, ஒவ்வொன்றாக என்றால் 23. யாரும் வேகமாகப் புரட்டவில்லை, ஆனாலும் நேரம் கால்வாசிக்குப் பக்கமாக இறங்கிவிடும். முதல் காசு கடைசி ஆளைத் தாண்டி வெளியே வருவதற்கு முதலில் 80 நொடி, கடைசிச் சுற்றில் வெறும் 4. கண்முன்னால் நடக்கும்போது வாய் பிளப்பார்கள். காசை அள்ளி வைத்தால் அடுத்த சுற்று தயார்.

ஆனால் மேலே போட்ட கணக்கை நான் காகிதத்தில் போட்டேன், விளையாடிப் பார்த்து எழுதவில்லை. அதுதான் இதன் குறையும். மேசையில் யார் உட்கார்ந்தாலும் விடை மாறாது. எத்தனை எத்தனையாகத் தள்ளுவது என்பதை மாற்றுபவன் நான், குழு இல்லை. வேலை எங்கே தேங்குகிறது என்று காட்ட வேண்டுமா, இதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது. ஒருவரை ஒருவர் கேட்கிறார்களா என்று பார்க்க இது உதவாது.

பீர் விளையாட்டு பற்றிச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும், நடத்தியது இரண்டே முறை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜே ஃபாரஸ்டரின் குழுவினர் 1960ஐ ஒட்டி உருவாக்கியது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு இடம். பேசக் கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் கைமாறும். வாடிக்கையாளர் வாரத்துக்கு 4 பெட்டி பீர் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு ஒரே ஒருமுறை அது 8 ஆகும், அதோடு சரி. அதற்கே ஆலைப் பக்கத்தில் ஆர்டர் மலையும் மடுவுமாக ஆடும். முடிந்தபின் ஆளாளுக்கு அடுத்தவரைக் குற்றம் சொல்வார்கள், பிறகு வாடிக்கையாளரின் சீட்டுக் கட்டைத் திறந்து காட்டியதும் அறை அமைதியாகிவிடும். சரக்கைக் கையாளும் வேலையில் இருப்பவர்கள், அரை நாளாவது நேரம் இருக்கிறது என்றால் இதையே எடுங்கள். எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம். இதிலும் ரகசியம் ஒருமுறைதான்.

இனி கட்டைகள். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். லெகோ சீரியஸ் ப்ளே என்று தனியாக ஒரு முறை உண்டு. 1990களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் ஐஎம்டி மேலாண்மைப் பள்ளியில் தொடங்கியது, 2010இல் எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அதில் ஒரு கேள்விக்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஒன்றைக் கட்டி அதன் கதையைச் சொல்வார்கள். நான் சொல்வது அது இல்லை, இன்னும் எளியது.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் 14 கட்டைகளால் ஆன ஒரு மாதிரி இருக்கும். ஒருவர் மட்டும் அதைப் பார்க்கலாம், தொடக் கூடாது. இன்னொருவர் தூதர், பார்த்தவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போய்க் கட்டுபவரிடம் சொல்ல வேண்டும், மாதிரியை எட்டிப் பார்க்கக் கூடாது. மூன்றாமவர் கட்டுவார். நான்காமவர் வாய் திறக்காமல் குறிப்பு எடுப்பார். பத்து நிமிடம். பிறகு மாதிரியையும் கட்டியதையும் அருகருகே வைத்துப் பார்ப்பது.

ஒரு மேசையில் நடந்தது இது. பார்ப்பவர் சொன்னார்: "நீலத்துக்கு மேல மஞ்சள், கொஞ்சம் தள்ளி." தூதர் அதை அப்படியே கொண்டுபோனார். கட்டியவர் இரண்டு குமிழ் (கட்டையின் மேல் துருத்தி நிற்கும் புள்ளி) தள்ளி வைத்தார். மாதிரியில் ஒரே குமிழ்தான். அதற்குமேல் வைத்த ஒன்பது கட்டையும் ஒரு குமிழ் விலகி வந்தன. அதோடு, பார்த்தவருக்கு இடதாக இருந்தது எதிரே உட்கார்ந்தவருக்கு வலது. திறந்து பார்த்தபோது கண்ணாடியில் தெரிவது போல எல்லாம் பக்கம் மாறி நின்றது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் "நான் சரியாத்தான் சொன்னேன்" என்றார்கள், மூவர் சொன்னதும் உண்மைதான். நான்காமவர் தன் தாளைப் பார்த்து வாசித்தார்: "கொஞ்சம் என்ற சொல் பதினோரு தடவை."

அடுத்த ஐந்து நிமிடம் அவர்களுடையது. நான் எதுவும் சொல்வதில்லை. அந்தக் குழு "கொஞ்சம்" என்ற சொல்லைத் தடை செய்தது. தள்ளி என்றால் எத்தனை குமிழ் என்று எண் சொல்ல வேண்டும், கதவு இருக்கும் பக்கத்தைத்தான் முன்பக்கம் என்று எல்லோரும் கொள்ள வேண்டும், தூதர் திரும்பிப் போகுமுன் கட்டியவர் கேட்டதை ஒருமுறை சொல்லிக் காட்ட வேண்டும் என்று விதி வகுத்தார்கள். நான் வேறு மாதிரியைத் தடுப்புக்குப் பின்னால் வைத்தேன். விதி பழையது, மாதிரி புதியது, தெரிந்துவிட ரகசியம் எதுவும் இல்லை. இரண்டாவது சுற்றில் அவர்கள் ஒரே ஒரு கட்டையில் தவறினார்கள். அது எதனால் குறைந்தது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாதிரி தீர்ந்துபோகுமோ என்ற கவலையும் இல்லை. எட்டுக் குமிழ்க் கட்டை ஆறு, எல்லாம் ஒரே நிறம், அதை வைத்தே 91,51,03,765 விதமாகக் கோக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே விளையாடியவர் வந்தாலும் அவருக்கும் அன்றைய மாதிரி புதிதுதான். சுற்றுக்கு நடுவே பிரித்துப் பைக்குள் போடும் வேலையைக் குழுவே செய்துவிடும். மூன்று நிமிடம் போதும்.

பராமரிப்பில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஒரு கட்டை தொலைந்தால் அந்தப் பை அடுத்த பட்டறையில் காலை வாரும். ஒவ்வொரு முறையும் 150 கட்டையை உட்கார்ந்து எண்ணினேன், இரண்டே வாரத்தில் வெறுத்துவிட்டது. இப்போது சமையலறைத் தராசுதான். ஒவ்வொரு பையின் எடையையும் மேலே எழுதி வைத்திருக்கிறேன். எட்டுக் குமிழ்க் கட்டை ஒன்று இரண்டு கிராமுக்குமேல் இருக்கும், குறைந்தால் தராசு காட்டிக்கொடுக்கும். ஒற்றைக் குமிழ்க் கட்டைகளை அடியோடு நீக்கிவிட்டேன். அவை தராசுக்கும் தெரியாது, கம்பளத்தில் விழுந்தால் கண்ணுக்கும் தெரியாது, காலுக்கு மட்டும்தான் தெரியும். அழுக்கானால் சோப்புத் தண்ணீரில் அலசலாம், 40 டிகிரிக்கு மேல் சூடு கூடாது.

செலவைப் பார்த்தால் முதல் நாளில் ஸ்பகெட்டிதான் ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் கட்டைகளைப் புதிதாக வாங்க வேண்டும் என்பதில்லை. இப்போதிருக்கும் கட்டையின் அமைப்பு 1958இல் வந்தது, அன்றைய கட்டை இன்றையதோடும் சேரும். வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் எந்த வீட்டிலும் ஒரு டப்பா தூசி பிடித்துக் கிடக்கும். என்னுடையதில் பாதி அப்படி வந்ததுதான். வேண்டாம் என்றால் அடுத்தவருக்கு விற்றும் விடலாம். உடைந்த ஸ்பகெட்டியை யார் வாங்குவார்?

நான் செய்த ஒரு தவறு: தொடக்கத்தில் மாதிரிகளில் சிவப்பும் பச்சையும் கலந்து வைத்திருந்தேன். ஒரு பட்டறையில் கட்டியவர் சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையை வைத்துக்கொண்டே போனார், மேசையே கேலி செய்தது. இடைவேளையில் அவர் தனியாக வந்து, அந்த இரண்டு நிறமும் தனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும் என்றார். அவ்வளவு பேர் முன்னால் அவரை அப்படி உட்கார வைத்தது நான்தான். அன்றோடு அந்த இரண்டு நிறத்தையும் ஒரே பையில் போடுவதில்லை. மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு மட்டும்.

கட்டைகளிடம் ஸ்பகெட்டியின் நாடகம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோபுரம் சாயும்போது எழும் அந்த "ஐயோ" இங்கே எழாது. ஒருவரை ஒருவர் தெரியாத கூட்டம், இருபது நிமிடம்தான் நேரம், ஒரே சுற்று என்றால் நானே இன்றும் ஸ்பகெட்டிதான் வாங்குவேன்.

இருபது பேருக்கு மேல் கட்டைகளை நான் நடத்தியதில்லை. ஐந்து மேசையையே ஒருவனாகச் சுற்றி வருவது சிரமமாக இருக்கிறது, தூதர் எட்டிப் பார்க்கிறாரா என்று எல்லா இடத்திலும் நிற்க முடியாது. திரை வழியாகச் சேரும் குழுவுக்கும் முயன்றதில்லை. அடுத்த மாதம் அறுபது பேர் கொண்ட ஒரு பட்டறை இருக்கிறது. குறிப்பு எடுப்பவரையே அந்த மேசைக்குக் காவலாகவும் வைக்கலாம் என்று இப்போதைக்கு யோசனை. எட்டிப் பார்த்தால் அவர் அந்தத் தடவையை எழுதி வைப்பார், தடுக்க மாட்டார். அது சரிப்படவில்லை என்றால் அன்றைக்கு மட்டும் காசு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.