நாசிக் திராட்சைத் தோட்டமா, சாயல்குடிப் பனங்காடா?

சுவைத்துப் பார்ப்பதையும் வெட்டவெளியில் கூடாரமடித்துத் தங்குவதையும் ஒன்றாக இணைத்து, எங்கள் குழு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு பயணங்களை மேற்கொண்டது. முதல் ஆண்டு தை மாதத்தில், இராமநாதபுரத்திலிருந்து பன்னிரண்டு பேர் இரண்டு வேன்களில் மகாராட்டிரத்தின் நாசிக் வரை சென்று ஒயின் சுவைத்துத் திரும்பினோம். மறு ஆண்டு பங்குனியில், அதே பன்னிரண்டு பேரும் அதே கூடாரங்களோடு சாயல்குடிக்கும் மாரியூர்க் கடற்கரைக்கும் இடையிலுள்ள ஒரு பனங்காட்டில் மூன்று இரவுகள் தங்கிப் பதநீர் குடித்தோம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நாளும் பணமும் இருக்கிறது என்பவர்களுக்கு நான் பனங்காட்டையே சொல்வேன். ஆயினும், சுவைக்கும் முறையை நாசிக்கில் கற்றுக்கொள்ளாமல் போயிருந்தால், பனங்காட்டின் அருமை எனக்குப் பாதிதான் விளங்கியிருக்கும்.

தொலைவில் இரண்டுக்கும் ஒப்பே இல்லை. நாசிக் ஒரு வழிக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல். மதுரை, பெங்களூரு, புணே வழியாகப் போய்ச் சேர எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. சாயல்குடிக்கோ, காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கீழக்கரை, ஏர்வாடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம்.

ஒயின் சுவைப்பதில் நாசிக் பெற்றுள்ள தேர்ச்சியை மறுக்க முடியாது. அங்கே சுலா என்ற ஒயின் நிறுவனம் 2005-இல் பார்வையாளர்களுக்கான சுவைக்கூடத்தைத் திறந்தது. இன்று அந்த வட்டாரத்தில் பல தோட்டங்கள் அவ்வாறு விருந்தினரை வரவேற்கின்றன. தை முதல் பங்குனி வரை அறுவடைக் காலம் என்பதால், கொடியில் குலை தொங்குவதையும் கூடத்தில் கோப்பை நிரம்புவதையும் ஒரே நாளில் காண முடிகிறது. செனின் பிளாங்க், சாவின்யோன் பிளாங்க் போன்ற வெள்ளை ஒயின்களை முதலிலும், ஷிராஸ் போன்ற சிவப்பு ஒயின்களைப் பின்னரும் தருகிறார்கள். வரிசையை மாற்றினால் சிவப்பின் அழுத்தத்தில் வெள்ளையின் மென்மை காணாமல் போய்விடும். கோப்பையைச் சாய்த்து நிறம் பார்ப்பது, சுழற்றி மணம் பிடிப்பது, ஒரு மிடற்றை நாவின் எல்லாப் பக்கமும் படரவிட்டு, வேண்டுமானால் துப்பிவிடுவது என்று ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கற்பித்தார்கள். சிவப்பு ஒயின் திராட்சைத் தோலோடு சேர்ந்து நொதிப்பதால் வாயை உலர்த்தும் ஒரு குணம் அதற்கு வருகிறது. அதை விளக்க, எங்களுக்குக் கற்பித்த பெண் பல சொற்களைத் தேடிக்கொண்டிருக்கையில், நமக்குத் துவர்ப்பு என்ற ஒரு சொல் போதுமே என்று நான் மகிழ்ந்தேன். பச்சை வாழைப்பூவை மென்றவர்களுக்கு அது புதிய அனுபவமன்று.

பனங்காட்டில் கூடமில்லை, கோப்பையில்லை, விளக்கம் சொல்ல நியமிக்கப்பட்டவரும் இல்லை. விடியற்காலையில் பனையேறும் அண்ணாச்சி, இடுப்பில் பாளை அரிவாளோடு ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டு, இரவெல்லாம் சொட்டி நிறைந்த கலயத்தை இறக்குகிறார். மாலையில் மறுபடி ஏறுகிறார். பனையின் இனிப்புநீர் பாளையிலிருந்து வெளிவந்த சிறிது நேரத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். கலயத்தின் உட்புறத்தில் பூசிய சுண்ணாம்புதான் அதைத் தடுத்துப் பதநீராக வைத்திருக்கிறது. சுண்ணாம்பு இல்லையென்றால் அது கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை இருப்பதால், சுண்ணாம்பில்லாக் கலயம் கேட்டு அந்தத் தொழிலாளியைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது என்பதைக் குழுவில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நாசிக்கில் கற்ற வரிசையை நாங்கள் இங்கே கடைப்பிடித்துப் பார்த்தோம். ஒரே காலையில் நான்கு மரங்களின் பதநீரைக் கலக்காமல் தனித்தனியே ஓலைப் பட்டைகளில் வாங்கி, முதலில் நிறம், பிறகு மணம், பிறகு ஒரு மிடறு என்று போனபோது, பதநீர் என்றால் ஒரே சுவை என்று நாற்பது ஆண்டுகளாக நம்பியிருந்த என் எண்ணம் மாறிவிட்டது. ஒரு மரத்தினது தெளிந்து இலேசாக இருந்தது. மற்றொன்று பாகின் கனத்தோடு தொண்டையில் இறங்கியது. சுண்ணாம்பு தூக்கலாக விழுந்த மூன்றாவது, நாவின் ஓரத்தில் ஒரு காரலை விட்டுச் சென்றது. குடிக்கும் பட்டையின் பச்சை ஓலை மணமும் அதில் சேர்ந்துகொள்கிறது. அண்ணாச்சியிடம் கேட்டால், எந்த மரம் எப்படிச் சுரக்கும், ஆண்பனைக்கும் பெண்பனைக்கும் பாளையை நசுக்கிப் பதப்படுத்துவதில் என்ன வேறுபாடு என்று மரம் மரமாகச் சொல்கிறார். அவருடைய அறிவு அந்தச் சுவைக்கூடத்தில் கேட்ட எந்த விளக்கத்துக்கும் குறைந்ததன்று. அதைக் கேட்டறிய ஒருவரும் வருவதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது.

ஒயினுக்கு ஒரு மேன்மை உண்டு. புட்டியில் அடைத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பதநீர் அன்றைய பகலைத் தாண்டாது. அதற்கு ஈடாக, பனங்காட்டில் பதநீரின் மறுவடிவங்களைக் கண்முன்னே பார்க்கலாம். அகன்ற வட்டையில் காய்ச்சும்போது அது பொன்னிறமாகி, பாகாகிச் சுண்டி, சிரட்டையில் ஊற்றியதும் கருப்பட்டியாக இறுகுகிறது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும் என்று அறிந்த பிறகு, கருப்பட்டிக்கு விலை பேசிக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

கூடாரத்தைப் பொறுத்தவரை நாசிக் எளிது. கங்காபூர் அணையின் நீர்த்தேக்கத்தை ஒட்டிய கெட்டித் தரையில் முளைகள் நன்றாக நிற்கும். கழிப்பறையும் தண்ணீரும் கிடைத்தன. கடுங்குளிர் ஒன்றுதான் எங்களைப் போன்ற கடற்கரைக்காரர்களுக்குச் சோதனை. நம் கடற்கரையில் முளை மணலில் நிற்காது. சாக்குப் பைகளில் மணல் நிரப்பி, கயிறு கட்டி, முழங்கை ஆழத்தில் புதைத்தால்தான் காற்றைத் தாங்கும். தரையில் சீமைக்கருவேல முள்ளைப் பெருக்கித் தள்ளாமல் தார்ப்பாய் விரித்தால், கூடாரமும் வேன் டயரும் ஒருசேர ஓட்டையாகும். கிணறு பெரும்பாலும் உவர்ப்பு என்பதால் குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். நாங்கள் சமையலுக்கும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு லிட்டர் எடுத்துச் சென்றோம், மிஞ்சவில்லை.

இடத் தேர்விலும் கவனம் தேவை. தனுஷ்கோடியில் மாலைக்குப் பின் தங்க விடுவதில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை; அங்கே கூடாரம் என்ற எண்ணமே வேண்டாம். மாசி, பங்குனி இரவுகளில் பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் கரையேறி முட்டையிடும் காலமாதலால், மணல்வெளியில் பளிச்சென்ற விளக்குகளை ஏற்றுவதும் தகாது. இவற்றையெல்லாம் எண்ணித்தான், அலைவாயை விட்டு உள்ளே தள்ளி, உரிமையாளரிடம் ஒப்புதல் பெற்றுப் பனங்காட்டில் தங்கினோம்.

கம்பம் பள்ளத்தாக்கையும் சிலர் முன்மொழிந்தார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சையும் மலையடிவாரக் குளுமையும் அருமைதான். ஆனால் அது பழமாகத் தின்பதற்கான பயணம், சுவைக்கூடங்களைத் தேடிப் போவோருக்கானதன்று.

எனக்கு முடிவைத் தந்தது குழுவின் அமைப்பு. எங்களோடு கீழக்கரையைச் சேர்ந்த இரண்டு முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. நாசிக்கில் அவர்கள் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியில் காத்திருந்தார்கள். வேன் ஓட்டிய இருவரும், நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற சட்ட வரம்பைக் கருதி ஒரு மிடறும் தொடவில்லை. பன்னிரண்டு பேர் போன பயணத்தில் சுவைத்தவர் ஐவர். பனங்காட்டிலோ, ஏழு வயதுச் சிறுமி முதல் எழுபதைக் கடந்த என் பெரியம்மா வரை எல்லோரும் பட்டையை ஏந்தி ஒரே வட்டமாக உட்கார்ந்தோம்.

போக விரும்புவோர் மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை நாளைக் குறித்துக்கொண்டு, முதல் நாள் மாலையிலேயே பனையேறுபவரிடம் எத்தனை பேர் என்று சொல்லிவிட வேண்டும். காய்ச்சுவதற்கென்று அவர் ஒதுக்கும் பதநீரில்தான் நம் பங்கும் இருக்கிறது. அதற்கு அன்றைய கருப்பட்டியின் மதிப்பைக் கணக்கிட்டுக் கொடுப்பதே முறை.