முடக்குல சறுக்குமா, கவிழுமா?

நுவரெலியாவுல இருந்து ரம்பொட பக்கமா மரக்கறி லொறி எறங்கும்போது முடக்குல, அதாவது ரோட்டு வளைவுல, ஸ்பீட் கூடிட்டா ஒன்னு டயர் சறுக்கும், இல்லாட்டி வண்டி கவிழும். லோட் கனமா இருந்தா ரோட்ட நல்லா புடிச்சுக்கும்னு நெறைய பேர் சொல்றாங்க, அது சரியில்ல, கனம் கூடுற அளவுக்கு டயரோட பிடி கூடுதுதான், ஆனா வெளிப்பக்கமா தள்ளுறதும் அதே அளவுக்கு கூடுது, அதனால கணக்குல எடை வெட்டுப்பட்டு போயிடும்.

பாக்க வேண்டியது ரெண்டே நம்பர். சறுக்கலுக்கு உராய்வுக் குணகம், அதாவது டயர் ரோட்ட எவ்வளவு புடிக்குதுங்கிற அளவு, காஞ்ச தார் ரோட்டுல சுமார் 0.7, மழையில 0.4 அளவுக்கு எறங்கிடும். கவிழுறதுக்கு, ரெண்டு பக்க டயருக்கும் இடையில உள்ள அகலத்துல பாதிய எடுத்து புவியீர்ப்பு மையத்தோட (வண்டி, லோட் மொத்த எடையும் சேர்ந்திருக்குற மாதிரி எடுத்துக்குற புள்ளி) உயரத்தால வகுங்க. இதுல எது சின்னதோ அது முந்தும்.

ஒரு லொறிக்கு பாதி அகலம் 0.9 மீட்டர்னு வைங்க. வெறும் வண்டியில மையம் 1.1 மீட்டர் உயரம்னா 0.82 வருது, அப்போ காஞ்ச ரோட்டுல சறுக்கல்தான் முதல்ல. அதே வண்டியில மூட்டைய மேல மேல அடுக்கி மையம் 1.8 மீட்டருக்கு ஏறிட்டா 0.5, இப்போ கவிழுறது முந்திடும். 15 மீட்டர் ஆரை உள்ள முடக்குல வெறும் லொறி சுமார் 36 கிலோமீட்டர் வேகத்துலதான் சறுக்கும், அடுக்குன லொறி 31லயே சாஞ்சிடும்.

ரெண்டுல சறுக்கல் பரவாயில்ல, ஸ்டியரிங் லேசாகுறது கையில தெரியும், கால எடுக்கலாம். கவிழும்போது உள்பக்க டயர் தூக்கினதும் வண்டிய திரும்ப கீழ இழுக்குற பலம் கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுகிட்டே போகும். ஆனா நம்ம ரோட்டுல சறுக்கலையும் நம்ப ஏலாது, மழையில 28லயே சறுக்க ஆரம்பிச்சு ஓரத்து கான் (வடிகால்) கட்டுல டயர் முட்டி நின்னுரும், மேல உள்ள பாரம் நிக்காது, சறுக்கினதே கவிழுறதுல முடிஞ்சிடும்.

த்ரீவீலுக்கு முன்னுக்கு ஒரே டயர், அது சாயுற கோடு முன் டயர்ல இருந்து பின் டயருக்கு சரிவா போகுது, அதனால முன்னுக்கு போகப் போக அகலம் கொறையும், முடக்குக்குள்ள பிரேக் அடிச்சா பாரம் அந்தப் பக்கம்தான் போகும். பிரேக்க முடக்குக்கு முன்னாலயே அடிச்சிடணும்.

லொறிக்கு லோட் ஏத்துறவங்க உருளைக்கிழங்கு, கரட் மூட்டைய அடியில போடுங்க, லீக்ஸ மேல வைங்க. உயரம் கூடினா ரெண்டு நடையா கொண்டு போங்க.