பவானி ஜமக்காளம்: இரண்டாவது தடவைதான் சரியாக வாங்கினேன்

அக்கா வளைகாப்புக்கு விரிக்க வேண்டுமென்று போன வருஷம் ஆன்லைனில் 'அசல் பவானி ஜமக்காளம்' என்று போட்டிருந்த ஒன்றை வாங்கினேன். பிரித்துப் பார்த்தால் பெட்ஷீட் கனம்தான் இருந்தது. நாலு பேர் உட்கார்ந்து எழுந்ததும் நடுவில் சுருண்டு கிடந்தது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எதிரே நிற்கிறவர் முகம் தெரிந்தது. ஜமக்காளத்தில் வடிகட்டின பொய் என்பார்களே, இதில் பொய்யை அல்ல, ரசத்துக்குப் புளியே வடிகட்டலாம்.

அப்புறம் ஒரு திதிக்காகப் பவானி கூடுதுறை போனோம். சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்றில் நுழைந்தேன். எதையும் தொட்டுப் பார்க்க விட்டார்கள், அதற்கே முதல் மார்க். சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகள் போட்ட நாலுக்கு ஆறு அடி பருத்தி ஜமக்காளம் ஒன்றை எடுத்தேன், ஆயிரத்துச் சொச்சம் ஆனது. ஆன்லைனில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. ஓரத்தில் கைத்தறி முத்திரை இருந்தது. ஊடையை, அதாவது குறுக்கு நூலை, நெருக்கி அடித்திருந்ததில் விரல் நகம்கூட உள்ளே போகவில்லை. ஒரு பட்டை மட்டும் இந்தப் பக்கம் நூலளவு அகலம் கூடி அந்தப் பக்கம் குறைந்திருந்தது, கை ஓய்ந்த நேரம் போலிருக்கிறது. எனக்கு அது பிடித்துத்தான் எடுத்தேன்.

ஓரத்தில் பூ வேலைப்பாடு போட்ட செயற்கைப் பட்டு ரகமும் இருக்கிறது. முரட்டுப் பருத்தி நூலில் நுணுக்கமான டிசைன் வராது என்பதால்தான் அந்த ரகமே வந்தது. மினுமினுப்பாக, மெத்தென்று இருக்கிறது, கட்டில்மேல் போடலாம். தரையில் போட்டுப் புழங்கப் பருத்திதான் சரி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மில் துணி வந்து இங்கே கைத்தறித் துணிக்கு வழியில்லாமல் போனபோது, ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் பிடித்துக்கொண்ட தொழில் இது. 2005இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜமக்காளத்தை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985இலிருந்து இருக்கிறது. இருந்தும் என் வீட்டுக்கு முதலில் வந்து சேர்ந்தது விசைத்தறிச் சரக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

குறையும் உண்டு. முதல் ஒரு வாரம் பஞ்சு உதிரும், வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்தால் எழும்போது தெரியும். முதல் அலசலில் சிவப்பு நன்றாகவே இறங்கியது, கல் உப்புப் போட்ட தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசுங்கள், தயவுசெய்து மெஷினில் போடாதீர்கள். நனைந்தால் ஒரு ஆளால் பிழிய முடியாது, நானும் அம்மாவும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினோம். காய இரண்டு நாள் வெயில் வேண்டும்.

எட்டு மாதம் ஆகிறது. குழந்தைகள் மேலே உருண்டு புரண்டும் முனை மடங்கவில்லை, ஒரு டம்ளர் காபி கொட்டியது எந்த இடம் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது. அடுத்து ஆறுக்கு ஒன்பது ஒன்று வாங்க வேண்டும்.

பழையது ஸ்கூட்டரை மூட ஆகிறது.