மெதுவாகத் திறக்கும் இணையப் பயிற்சிகள்: பெங்களூரிலிருந்து ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

பெங்களூரு முருகேஷ்பாளையத்தில் ஒரு வாடகை வீட்டிலிருந்து, அலுவலகம் விதிக்கும் கட்டாயப் பயிற்சிகளையும் சொந்த ஆர்வத்தில் சேர்ந்த என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணையவழிப் பாடத் திட்டம்) பாடங்களையும் பல ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். என்.பி.டி.இ.எல். விரிவுரை அழுத்தியவுடன் ஓடத் தொடங்கிவிடும். அலுவலகப் பயிற்சித் தளத்திலோ நான்கு வரி எழுத்தும் ஒரு படமும் உள்ள பக்கத்துக்குக்கூட வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வீடும் கணினியும் இணைப்பும் ஒன்றாக இருக்கையில் ஒன்று ஓடி மற்றொன்று நொண்டுகிறது என்றால், குறையை இணைப்பின் வேகத்தில் மட்டும் தேடிப் பயனில்லை.

ஆயினும் பலரும் முதலில் செய்வது மாதக் கட்டணத்தைக் கூட்டுவதுதான். என்னுடன் பணிபுரியும் சேலத்துத் தம்பி ஒருவர் 100 மெகாபிட் திட்டத்தை 300க்கு மாற்றிவிட்டு, "அண்ணா, பணம்தான் கூடிச்சு, வட்டம் அப்படியேதான் சுத்துது" என்றார். காரணம் தொலைவு. எங்கள் பயிற்சித் தளத்தின் சர்வர் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ளது. கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் செல்லும். கடலடிக் கேபிள்களின் சுற்றுப்பாதையையும் சேர்த்தால், ஒரு கோரிக்கை அங்கே போய்த் திரும்ப 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. இணைப்பை ஏற்படுத்தவும், பாதுகாப்புக் குறியாக்கத்தை உறுதிசெய்யவும், கோப்பைக் கேட்கவும் தனித்தனியே இந்தப் பயணம் நடக்க வேண்டும். அளவில் சிறிய கோப்புக்கு 300 மெகாபிட் குழாய் இருந்தாலும் இந்தப் போக்குவரத்து நேரம் குறையாது. என்.பி.டி.இ.எல். காணொளிகள் யூடியூப் வழியாக, நமக்கு அருகிலுள்ள சர்வர்களிலிருந்து வருவதால் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் சந்திப்பதில்லை.

எங்கே நேரம் போகிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. குரோம் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பாடத்தின் அடுத்த பக்கத்துக்குச் செல்லுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வண்ணப் பட்டை தோன்றும். அதில் பச்சை, சர்வரின் பதிலுக்காகக் காத்திருந்த நேரம். நீலம், கோப்பு இறங்கிய நேரம். நீலம் நீண்டிருந்தால் குறை பெரும்பாலும் நம் இணைப்பில். அலுவலகப் பயிற்சியில் நான் எப்போதும் காண்பது நீளமான பச்சையும் அதன் நுனியில் கண்ணுக்குத் தெரியாத அளவு நீலமும்தான். பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டுப்போல் இறங்கினால், கோப்புகள் வரிசையில் நிற்கின்றன என்று பொருள், எச்டிடிபி 1.1 என்ற பழைய தகவல் பரிமாற்ற முறையில் இயங்கும் சர்வரோடு உலாவி ஒரே நேரத்தில் ஆறு இணைப்புகளையே திறக்கும் என்பதால், ஒரு பக்கத்துக்கு நாற்பது சிறு கோப்புகள் இருந்தால் ஏழு சுற்றுகள் ஆகிவிடும்.

நிறுவனப் பயிற்சிகள் பலவும் இன்றும் ஸ்கார்ம் என்ற பொதியமைப்பில்தான் வருகின்றன. அதன் 1.2 பதிப்பு 2001இல் வெளியானது. ஒரு பக்கத்தைப் படித்து முடித்ததும், எங்கே நிறுத்தினோம், எத்தனை மதிப்பெண் என்பதைப் பாடம் தளத்துக்குத் தெரிவிக்கும். அந்தப் பதிவு முடியும்வரை அடுத்த பக்கத்தைத் திறக்காத பாடங்களும் உண்டு. பொறுமையிழந்து 'அடுத்து' பொத்தானை மீண்டும் மீண்டும் தட்டினால் கோரிக்கைகள் மேலும் குவியும். பாதியில் நிறுத்துவதானால் உலாவிச் சாளரத்தை அப்படியே மூடாமல், பாடத்துக்குள் உள்ள வெளியேறும் பொத்தானைப் பயன்படுத்துவது நல்லது. இல்லாவிட்டால் படித்தது பதிவாகாமல் போகக்கூடும்.

வீட்டுப் பக்கத்துக் காரணங்களும் இல்லாமலில்லை. நெருக்கமான அடுக்ககங்களில் அண்டை வீட்டு வைஃபைகள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மோதிக்கொள்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினாலே தடுமாற்றம் கணிசமாகக் குறையும். ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னால் வைத்துவிட்டுச் சேவை நிறுவனத்தைத் திட்டுவதில் நியாயமில்லை. கைப்பேசி தன் படங்களை மேகச் சேமிப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது பாடம் முடங்குவதையும் கவனித்திருக்கிறேன்: பதிவேற்றப் பாதை நிரம்பிவிட்டால் நம் சிறு கோரிக்கைகளும் அதன் பின்னால் காத்து நிற்கும். அலுவலகப் பிணையத்துக்குள் நம்மைச் சேர்க்கும் வி.பி.என். இணைப்பு வேறொரு ஊர் வழியாகச் சுற்றிவிடுகிறதா என்பதைக் கணினிப் பிரிவில் கேட்டறிந்து, அனுமதி இருந்தால் அதைத் துண்டித்துவிட்டுப் பயிற்சியைத் திறந்து பாருங்கள்.

உதவிப் பிரிவினர் வழக்கமாகச் சொல்லும் 'கேச்சை அழியுங்கள்' (உலாவி முன்பே சேமித்து வைத்த கோப்புகளை நீக்குங்கள்) என்ற மந்திரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாடம் புதுப்பிக்கப்பட்ட பிறகு பழைய பக்கமே சிக்கிக்கொண்டால் அது உதவும். மற்ற நேரங்களில், சேமித்து வைத்திருந்த கோப்புகளையெல்லாம் மறுபடி கடல்தாண்டி வரவழைப்பதால் முதல் தடவை இன்னும் தாமதமாகும். மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்ப்பது மேலான சோதனை. உலாவியில் நாம் சேர்த்த கூடுதல் கருவிகளான நீட்சிகள் அங்கே பொதுவாக இயங்காது; எனவே அங்கே விரைவாக ஓடினால் அவற்றில் ஏதோ ஒன்று குறுக்கே நிற்கக்கூடும்.

நம் கைக்கு அப்பாற்பட்டவையும் உண்டு. 2025 செப்டம்பரில் செங்கடலில் கேபிள்கள் அறுந்தபோது இந்தியா உட்படப் பல நாடுகளில் இணைப்பு மந்தமானது. மார்ச் மாதக் கடைசி நாள்களில் ஊழியர்கள் அனைவரும் கட்டாயப் பயிற்சியை முடிக்க ஒரே நேரத்தில் நுழைவதும் அப்படித்தான். நான் பிப்ரவரியிலேயே காலை நேரத்தில் முடித்துவிடுகிறேன்.

புகார் அளிக்கும்போது 'மெதுவாக இருக்கிறது' என்று மட்டும் எழுதாமல், அந்த நெட்வொர்க் பகுதியின் படத்தை இணைத்து, பக்கத்தின் பெயரையும் நேரத்தையும் குறிப்பிட்டால் பதில் வேறுவிதமாக வருகிறது. எங்களில் சிலர் தொடர்ந்து அப்படி அனுப்பிய பிறகு, காணொளிகளை மட்டும் மும்பையிலுள்ள சர்வருக்கு மாற்றினார்கள். அவை இப்போது உடனே ஓடுகின்றன. வினாக்களும் மதிப்பெண் பதிவும் இன்னும் அமெரிக்காவில்தான் இருக்கின்றன. ஆதலால் தேர்வைச் சமர்ப்பிக்கும் இடத்தில் வட்டம் இன்றும் சுற்றுகிறது.